விடை யாருக்கு வேண்டும்?

வாசகரே, உங்கள் பிள்ளையோ அயல்வீட்டுப் பிள்ளையோ பல்கலைக்கழகத்தில் படிப்பதாயின் 'ஒப்படை' என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். "நாளைக்கு ஒப்படை குடுக்கவேணும்" என்று இரவிரவாக விழித்திருக்கும் பிள்ளைக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, அது படுக்கைக்குப் போகும்வரை தாமும் கண்ணயராதிருந்த தாய்மார் இதை வாசிப்போருள் பலர் இருப்பர். அந்தப் பிள்ளை அந்த இரவில் உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பற்றியே இன்று எழுத முற்பட்டேன்.

சில வாரங்களின் முன் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வளவில் நின்றபோது, என்னிடம் முன்னர் கணிதம் படித்த பையன் ஒருவன் வந்தான். இப்போது பொறியியற் பீடத்தில் மூன்றாம் வருடம். சுகம் விசாரித்தபின் சற்றுத் தயங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டான். விடுமுறைக்குள் 11 கணக்குகளைச் செய்து ஒப்படைக்க வேண்டுமாம். அவற்றைக் கணினியிடம் கொடுத்தானாம். அது படிமுறை தவறாமற் செய்து தந்ததாம். இவன் அதைத் தன் கையெழுத்தில் எழுதி முடித்துவிட்டானாம்.

"எல்லாரும் உப்பிடித்தான் செய்யினம், சேர். பரீட்சையிலை பாத்தெழுதினால் பிழை எண்டு எனக்குத் தெரியும். இதிலை நான் ஆரிட்டையும் களவெடுக்கேல்லையே. இதுவும் பாவமோ?"

பாவமா இல்லையா என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் எனக்கில்லை. அதற்குக் குருவானவர் இருக்கிறார். ஆனால் 'யாரிடம் களவெடுத்தேன்' என்ற அவனது கேள்வி எளிதில் தட்டிக்கழிக்கக் கூடியதன்று. வீட்டுக்கு வந்த பின்னும் அது என்னை விடவில்லை.

களவு என்றால் இழந்தவன் ஒருவன் இருக்கவேண்டும். மற்றவன் காணியில் தேங்காய் பிடுங்கினால் காணிக்காரனுக்கு ஒரு தேங்காய் குறைகிறது. இங்கே விரிவுரையாளர் எதை இழந்தார்? அந்தக் கணக்கின் விடை அவரிடம் முன்னமே இருக்கிறது. அவரது மேசை லாச்சியில் எழுதியே வைத்திருப்பார். தனக்குத் தெரிந்த விடையை நூறு மாணவரிடமிருந்து நூறு தரம் வாங்குவதில் அவருக்கு ஒரு சதம் இலாபமுமில்லை. சற்று யோசித்துப் பாருங்கள்: மற்றெந்த வேலையிலும் செய்துமுடித்த பொருள் யாரோ ஒருவருக்குத் தேவைப்படுகிறது. தச்சன் செய்த கதிரையில் ஒருவர் இருப்பார். அதைத் தச்சன் தன் மகனைக் கொண்டு செய்வித்தாலும் கதிரை கதிரைதான். ஒப்படையின் விடையோ உலகில் ஒருவருக்கும் வேண்டாத பொருள். திருத்தி முடிந்ததும் அந்தத் தாள் கடலை சுற்றத்தான் உதவும். அப்படியாயின், வேண்டாத ஒரு பொருளை யார் செய்தால் என்ன?

பொய் என்று சொல்லலாம். முதற் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கொடுப்பது 'இது என் வேலை' என்று சாட்சி சொல்வதாகும். இது உண்மை. ஆயினும் கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டே நடத்தும் பொய்யாக அது பல இடங்களில் ஆகிவிட்டபடியால், அந்த நியாயம் பையனின் மனதில் ஆழமாக இறங்காது. அவனுடைய கேள்விக்கு அவனுடைய இடத்தில் நின்றே பதில் தேடவேண்டும். அதற்கு நான் அந்த இடத்தில் நின்ற கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1970 களின் நடுப்பகுதியில் நான் ஒரு வளாகத்தில் முதலாம் வருட மாணவன். பிரயோக கணிதத்தில் கணத்தாக்கு பற்றிய ஒப்படை. இழையால் இணைக்கப்பட்ட மூன்று துணிக்கைகள், அவற்றுள் ஒன்றை ஒரு பக்கமாக அடித்தால் மற்றவை எந்த வேகத்தில் புறப்படும் என்ற வகைக் கணக்கு. அன்று மாலை விடுதியில் கரம் ஆட்டம். நான் ஆட்டத்தை விடவில்லை. இரவு பத்தரைக்குச் சினேகிதனின் கொப்பியை வாங்கி, கால்மணி நேரத்தில் எழுதி முடித்தேன்.

மறுவாரம் விரிவுரையாளர் இரு தாள்களிலும் மூன்றாவது வரியில் ஒரே சிவப்புக் கேள்விக்குறி போட்டிருந்தார். கழித்தற் குறி வரவேண்டிய இடத்தில் கூட்டற் குறி. ஆனால் கடைசி விடை சரி! சினேகிதனுக்கு விடை ஏற்கெனவே தெரியும். நடுவில் எங்கோ பிழைத்ததை அவன் ஐந்தாம் வரியில் ஓசைப்படாமல் 'சரிக்கட்டி' விட்டான். நான் பிழையையும் பார்த்தெழுதினேன், சரிக்கட்டியதையும் பார்த்தெழுதினேன். விரிவுரையாளர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்து, மூன்றாவது வரி எப்படி வந்தது என்று சொல்லும்படி கேட்டார். கையிற் சோக்குக் கட்டியுடன் நின்றேன். அவர் ஏசவில்லை. "சரி, போய் இரும்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் சிறுபிள்ளைக் குறும்பு என்று மறந்திருப்பேன். முடியவில்லை. பட்டம் பெற்று ஆசிரியனானேன். 30 வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்குப் பிரயோக கணிதம் கற்பித்தேன். கணத்தாக்கு என்ற அலகு வரும்போதெல்லாம் என் குரல் சற்று விரைந்துவிடும். மற்ற அலகுகளில் "ஏன் சேர்?" என்று கேட்கும் பிள்ளையை எனக்குப் பிடிக்கும். இந்த அலகில் மட்டும் அப்படிக் கேட்கும் பிள்ளையைப் பார்த்து, "இதை இப்பிடித்தான் போடவேணும், எழுதும்" என்று சொல்லிவிடுவேன். அந்தக் கரம் ஆட்டத்தின் விலையை நான் கொடுக்கவில்லை, வாசகரே. அன்று பிறந்தேயிராத பிள்ளைகள் கொடுத்தார்கள். யாரிடம் களவெடுத்தாய் என்று என்னைக் கேட்டால் அவர்களைத்தான் காட்டவேண்டியிருக்கும். அவர்களின் பெயர்கூட அன்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தாங்கள் எதை இழந்தோமென்று இன்றுவரை தெரியாது.

என்னுடையது சிறிய கதை. பொருளியலில் நடந்த பெரிய கதையொன்றைச் சொல்கிறேன். இதுவும் ஓர் ஒப்படையைப் பற்றியதுதான்.

2010 ஆம் ஆண்டு, பின்னாளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பேராசிரியர்களாயிருந்த கார்மன் றைன்ஹார்ட், கெனத் றொகொஃப் ஆகிய இருவரும் நாடுகளின் கடன் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டனர். ஒரு நாட்டின் அரசாங்கக் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 வீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி வெகுவாக வீழ்ந்துவிடுகிறதென்றும், அத்தகைய முன்னேறிய நாடுகளில் சராசரி வளர்ச்சி பூச்சியத்துக்கும் கீழே, 0.1 வீதத் தேய்வாக இருந்ததென்றும் அவர்களது அட்டவணை காட்டிற்று. அந்த 90 என்ற எண்ணை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசியல்வாதிகள் பிடித்துக்கொண்டனர். செலவைக் குறை, உதவியை வெட்டு என்ற கட்சிக்கு அது நல்ல ஆயுதமாயிற்று. 2022 ஏப்ரலில் நம் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தமுடியாதென்று கைவிரித்த பின்னர், கடன் பற்றிய எண்கள் எப்படிச் சாதாரண குடும்பத்தின் அடுப்படி வரைக்கும் வருமென்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தின் அம்ஹர்ஸ்ற் வளாகத்தில் தோமஸ் ஹேர்ண்டன் என்றொரு பட்டப்பின் படிப்பு மாணவர் இருந்தார். அவருடைய வகுப்பில் ஓர் ஒப்படை: வெளிவந்த ஆய்வுக் கட்டுரையொன்றை எடுத்து, அதன் எண்களைத் தாமே மறுபடி கணித்துக் காட்டவேண்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வேறொருவர் செய்து முடித்ததைத் திரும்பச் செய்வது. இதைவிடச் சலிப்பான வீட்டுவேலை இருக்கமுடியுமா? விடை அச்சிலேயே இருக்கிறது. நம் பையன் சொன்னதுபோல, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஹேர்ண்டன் கணக்கைப் போட்டார். விடை வரவில்லை. திரும்பப் போட்டார். வரவில்லை. தாம்தான் எங்கோ பிழைவிட்டதாக நினைத்தார். அவருடைய பேராசிரியர்களும் முதலில் அப்படியே நினைத்தார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் எங்கே, இந்த மாணவர் எங்கே! ஆனாலும் போட்ட கணக்கு கையிலிருந்தது. கட்டுரையாசிரியர்களுக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் மறைக்கவில்லை, தங்கள் கணினிக் கணக்கேட்டை அனுப்பிவைத்தார்கள் (இதை அவர்களின் பெருமையாகவே சொல்லவேண்டும்). ஏட்டைத் திறந்து பார்த்தால், 20 நாடுகளின் சராசரி எடுக்கவேண்டிய இடத்தில் 15 நாடுகளே சேர்க்கப்பட்டிருந்தன. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் விடுபட்டிருந்தன. கட்டத்தைத் தெரிவு செய்த விரல் சில வரிகள் முன்னதாகவே நின்றுவிட்டது! இதைவிட வேறு சில ஆண்டுகளின் தரவுகள் சேர்க்கப்படாமையும், சராசரி எடுத்த முறையும் கேள்விக்குரியனவாக இருந்தன. இவற்றையெல்லாம் திருத்தியபோது அந்த 0.1 வீதத் தேய்வு 2.2 வீத வளர்ச்சியாக மாறிற்று. 2013 ஏப்ரலில் ஹேர்ண்டன் தம் ஆசிரியர் இருவருடன் சேர்ந்து இதை வெளியிட்டார். கட்டம் விடுபட்ட பிழையை ஹார்வர்ட் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். அதிக கடனும் மந்த வளர்ச்சியும் சேர்ந்தே காணப்படுகின்றன என்ற தங்கள் பொதுக் கருத்தை மட்டும் அவர்கள் கைவிடவில்லை.

இக்கதையை மாணவன் பேராசிரியரை வென்ற கதையாகச் சொல்வோருண்டு. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அந்த மாணவருக்குச் சந்தேகம் எங்கேயிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. புத்தி கூர்மையால் வந்ததா? பேராசிரியர்மேல் கோபத்தால் வந்ததா? இல்லை. கணக்கைத் தன் கையாற் போட்டதால் வந்தது. அந்தக் கட்டுரையை மூன்று ஆண்டுகளாக எத்தனையோ கற்றவர்கள் வாசித்தார்கள், எடுத்துக்காட்டினார்கள். வாசிப்பவனுக்குச் சந்தேகம் வருவதில்லை. பார்த்தெழுதுபவனுக்கோ சந்தேகம் வரவே முடியாது. ஏனெனில் அவனுடைய விடை எப்போதும் ஒத்துவரும். "எனக்கு இந்த விடை வரவில்லை" என்று சொல்லும் உரிமை கணக்கைப் போட்டவனுக்கு மாத்திரமே உண்டு. ஒப்படை கொடுப்பது அந்த உரிமையை என்றே நான் நினைக்கிறேன்.

பொறியியற் பக்கத்திலும் இதைப்போன்ற சங்கதி ஒன்றுண்டு. நியூயோர்க்கில் 1977 இல் கட்டி முடிக்கப்பட்ட சிற்றிகோர்ப் கட்டடம் 59 மாடி கொண்டது. அந்த நிலத்தின் ஒரு மூலையில் புனித பேதுரு லூதரன் கோவில் இருந்தபடியால், கட்டடத்தின் தூண்களை நான்கு மூலைகளிலும் வைக்காமல் நான்கு பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். 1978 இல் தம் படிப்புக்காக அக்கட்டடத்தை ஆராய்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் தூண்களின் இடம் பற்றிக் கேள்வி எழுப்பினார். அமைப்புப் பொறியியலாளரான வில்லியம் லெமெசூரியர் முதலில், பயப்பட ஒன்றுமில்லை என்றே பதிலளித்தார். பின்பு, தம் வகுப்பு மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல உதாரணம் என்று எண்ணி மறுபடி கணக்குப் போட்டார். காற்று பக்கவாட்டில் நேராக அடிக்காமல் மூலையை நோக்கிச் சாய்வாக அடித்தால் சில உருக்குச் சட்டங்களின் தகைப்பு 40 வீதம் கூடுவதைக் கண்டார். அதற்குச் சில காலத்தின் முன்னரே, பற்றவைக்கவேண்டிய மூட்டுகள் மரையாணிகளால் பூட்டப்பட்ட செய்தியும் அவருக்கு எட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது மனிதர் நடுங்கிவிட்டார். அவ்வாண்டு ஓகஸ்ற் முதல் இரவு வேளைகளில் மூட்டு மூட்டாக உருக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். ஊரவருக்கு உண்மையைச் சொல்லாமல் செய்தார்கள். செய்தி வெளிவந்தது 1995 இல்தான். அது சரியா என்பது தனியே எழுதவேண்டிய விஷயம். அவர் அஞ்சிய அளவுக்கு ஆபத்து இருந்ததா என்பதிலும் பின்வந்தோர் வேறு கணக்குகள் போட்டிருக்கிறார்கள். நான் கவனிப்பது ஒன்றைத்தான்: கற்றுத் தேர்ந்த பொறியியலாளரைத் திரும்பக் கணக்குப் போடவைத்தது ஒரு மாணவரின் பாடவேலை.

இவ்வளவும் கேட்டபின் நீங்கள் கேட்கக்கூடும்: "நாளைக்கு உத்தியோகத்தில் எல்லாக் கணக்கையும் இயந்திரந்தானே செய்யப்போகிறது? மடக்கை அட்டவணையை எறிந்தோம், இப்போது இதையும் எறிந்தால் என்ன?" நியாயமான கேள்விதான். மடக்கை அட்டவணைக்காக நான் அழவில்லை. கூட்டிப் பெருக்குவதை இயந்திரத்திடம் விடலாம். அது பிழை விடும்போது பிழையென்று முகர்ந்தறியும் மூக்கை எங்கே வாங்குவது? அந்த மூக்கு, பிழையான கணக்குகளை நூற்றுக்கணக்கில் தானே போட்டவனுக்கு மட்டும் வளர்வது.

கணிதக்காரரிடையே வழங்கும் ஒரு கதையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1939 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் டான்ற்சிக் என்ற மாணவர் வகுப்புக்குப் பிந்தி வந்தார். கரும்பலகையிலிருந்த இரண்டு கணக்குகளை வீட்டுவேலையென எண்ணி எழுதிக்கொண்டு போனார். வழமையைவிடக் கொஞ்சம் கடினமாக இருந்தனவாம். சில நாட் கழித்துச் செய்து கொடுத்து, பிந்தியதற்காக மன்னிப்பும் கேட்டார். அவை புள்ளிவிபரவியலில் அதுவரை ஒருவரும் தீர்க்காத கணக்குகள் என்று பேராசிரியர் நெய்மன் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அமெரிக்கப் பிரசங்கிமார் இதை எடுத்து, தன்னம்பிக்கைக்கு உதாரணமாக்கி, கையும் காலும் வைத்துப் பரப்பிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் 'கொஞ்சம் கடினம்' என்ற இடம். நம் பிள்ளைகள் கொப்பியை மூடிவிட்டுக் கணினியைத் திறப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

உதவி கேட்பது பிழையென்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். நம் பல்கலைக்கழகங்களில் 'குப்பி' என்றொரு நல்ல வழக்கம் உண்டு. விளங்கிய மாணவன் விளங்காதவர்களைச் சுற்றி இருத்திச் சொல்லிக்கொடுப்பான். குப்பி விளக்கை வைத்தே அந்தப் பெயர் வந்ததென்பர். 1990 இன் பின் மின்சாரமுமின்றி, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடான யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கைக் கொளுத்துவது உதவி. மற்றவன் விளக்கைப் படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் மாட்டினால் வெளிச்சம் வராது. கணினியிடமும் "மூன்றாவது வரி எனக்கு விளங்கவில்லை, எப்படி வந்தது?" என்று கேட்கலாம். அதற்கு முதலில் மூன்றாவது வரி வரைக்கும் போயிருக்கவேண்டும்.

கூலிக்கு எழுதுவிப்பது இதைவிட வேதனையான காரியம். கென்யாவின் நைரோபியில் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞர் பலர், அமெரிக்க, பிரித்தானிய மாணவரின் ஒப்படைகளை எழுதிக் கொடுத்துப் பிழைத்து வந்தனர். அறிந்தவன் ஒருவன், பட்டம் பெறுபவன் இன்னொருவன். இங்கிலாந்தில் 2022 இல் வந்த சட்டம் இவ்வியாபாரத்தைக் குற்றமாக்கிற்று. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் சற்ஜிபிரி வெளிவந்தபின் அந்தக் கூலியும் பலருக்குக் குறையத் தொடங்கியது. விற்றவனுக்காக என் மனம் இரங்குகிறது. வாங்கியவனுக்காக இரங்க முயன்று பார்த்தேன், முடியவில்லை.

விரிவுரையாளர் சிலருக்கும் ஒரு வார்த்தை. பத்து வருடமாக ஒரே கேள்வித்தாள், திருத்தாமலே புள்ளி, ஒரே வாரத்தில் ஐந்து பாடத்துக்கும் ஒப்படை! பகலில் ரியூசன் கொடுத்துக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் பிள்ளை இரவில் என்ன செய்யும்? வாசிக்கப்படாத தாளில் உண்மையை எழுதும்படி கேட்பது அதிகம். மூன்றாவது வரியில் கேள்விக்குறி போட்ட என் விரிவுரையாளர் இரண்டு தாள்களையும் வாசித்திருந்தார். அதனால்தான் 50 வருடங் கழித்தும் இதை எழுதுகிறேன்.

மறு ஞாயிறு அந்தப் பையனைத் தேடிப் பிடித்தேன். பாவம், புண்ணியம் ஒன்றும் பேசவில்லை. கரும்பலகைக் கதையை மட்டும் சொல்லி, "உன்ரை பதினொண்டிலை எத்தனை கணக்கின்ரை மூண்டாம் வரியை நீ நிண்டு சொல்லுவாய்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டையாவது தானே செய்து பார்ப்பதாகச் சொன்னான். மற்ற 9 பற்றி நான் கேட்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் கொப்பியோடு வீட்டுக்கு வந்தான். "சேர், கணினி சொன்ன விடை எனக்கு வருகுதில்லை. ரெண்டுதரம் போட்டுப் பாத்திட்டன். அது பிழையெண்டுதான் நினைக்கிறன்" என்றான். விறாந்தையில் இருவரும் இருந்து வரி வரியாகப் பார்த்தோம். ஒன்றரை மணித்தியாலம் சென்றது.

பிழை அவனுடையதுதான். நாலாம் வரியில் ஒரு கழித்தற் குறி. அவனே கண்டுபிடித்தான்.